கப்பல் கிளம்புவதற்குள் தஞ்சாவூர்

காலையில் கப்பலிலிருந்து இறங்கியவர்களை மாலையில் அதே கப்பலில் ஏற்றிவிடுவதுதான் என் தொழில். கேட்கும்போது இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். எனக்கும் முதல் நாள் காலை பத்து மணி வரை அப்படித்தான் தோன்றியது.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை உல்லாசக் கப்பல்கள் எங்கள் நாகப்பட்டினம் பக்கத்துத் துறைமுகத்தில் அவ்வப்போது ஒரு பகல் நிற்கும். காலை ஏழு மணிக்கு வரும், மாலை ஆறு மணிக்குப் போய்விடும். பயணிகள் ஐந்து மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். கப்பல்காரர்களே பஸ் வைத்து ஊர் சுற்றிக் காட்டுவார்கள். ஐம்பது பேர், ஒரு கொடி, அந்தக் கொடி போகிற இடமெல்லாம் போக வேண்டும். அது பிடிக்காதவர்கள், அவரவர் இஷ்டத்துக்குப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள், முன்கூட்டியே எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். கப்பல்காரர்களின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். என் வேன் தாமதமானால் காத்திருக்காது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் என் ஜீரண சக்தி போயிற்று.

நான் திருவாரூர்க்காரி. ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பதினோரு வருடம் மற்றவர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்துவிட்டு இதில் இறங்கினேன். ஒரு வேன், அதை ஓட்டப் பன்னீர், முன் சீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான். துறைமுகத்திலிருந்து தஞ்சாவூர் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்தேகாலுக்கே ஸ்டாண்டில் போய் நிற்பவர்களே, வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாலு என்றால் அஞ்சு

இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் பொய் சொல்வது. கப்பலுக்கு ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்றால் வண்டியில் ஏறுகிறவர்களிடம் நாலு என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு மணி நேரம் என் கையில் இருக்கும். தேர் குறுக்கே வந்தாலும், டயர் பஞ்சரானாலும், சாலை மறியலானாலும் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவு செய்துகொள்வேன். யாருக்கும் தெரியாது.

பன்னீருக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது டிரிப்பிலேயே, நாலு என்று நான் சொன்னால் அஞ்சு என்று எடுத்துக்கொண்டு வழியில் டீ குடிக்க நிறுத்த ஆரம்பித்தான். சரி, இவனிடம் மட்டும் மூன்று என்று சொல்லிப் பார்ப்போம் என்று சொன்னேன். அன்றைக்கு இரண்டு டீ குடித்தான். திருவாரூர் தாண்டும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன், நான் சொல்கிற நேரத்துக்கு ஏதாவது மரியாதை உண்டா என்று. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"அக்கா, நீங்க எந்த மணி வேணாலும் சொல்லுங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துத்தான் வண்டி ஓட்டறேன்."

கைப்பை புறப்பட்டது

பன்னீர் நல்ல டிரைவர். ராகு காலத்தில் மட்டும் வண்டியை எடுக்க மாட்டான். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஒரு கப்பல் திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்து நின்றது. ஜெர்மனியிலிருந்து வந்த நான்கு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எட்டு மணிக்கு வெளியே வருவதாக எழுதியிருந்தார்கள். ஒன்பது வரை உட்கார்ந்திருந்தால் தஞ்சாவூர் போய்ச் சேரும்போது பெரிய கோயிலில் நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடும். முந்தின நாளே பன்னீரிடம் மன்றாடினேன். கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

அவன் பார்த்துக்கொண்டது இப்படி. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நேரத்திலேயே ஏதாவது ஒரு பொருளை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். பரஸ்தானம் என்பார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். நான் துறைமுக வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தபோது, ஏழு இருபதுக்கு, பன்னீர் முன் சீட்டில் கிடந்த என் கைப்பையை எடுத்துக்கொண்டு போய் அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டீக்கடையில் வைத்துவிட்டு வந்தான். பயணிகளின் பெயர்ப் பட்டியல், வண்டிக்கான அனுமதிச் சீட்டு, என் அடையாள அட்டை எல்லாம் அதில்தான். எட்டு மணிக்கு நான்கு ஆசிரியைகளும் வந்து நின்றார்கள். வாசல் காவலர் பட்டியலைக் கேட்டார். நான் பையைத் தேடினேன். பன்னீர் தலையைச் சொறிந்தான்.

டீக்கடைக்காரர் பையைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பால் வாங்கப் போயிருந்தார். இருபத்தைந்து நிமிடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று ஆசிரியைகள் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவர்களில் மூத்தவர் சிரிக்கவே இல்லை. குறிப்பு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு, சரிபார்த்துக்கொள்வதற்காக என்னைக் கேட்டார்:

"அப்படியானால் பயணம் தொடங்கிவிட்டது, நாங்கள்தான் இன்னும் அதில் சேரவில்லை, சரிதானே?"

கேட்

தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. நான் சாமிக்கு வேண்டிக்கொள்வதில் பாதி அந்தக் கேட்டுக்காகத்தான். ஒரு நாள் இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மா பெரிய கோயிலில் ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்தார். கணவர் வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவராம். திரும்பும்போது கேட் மூடியிருந்தது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனிதர் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கித் தண்டவாளத்தைப் பார்க்க நடந்தார்.

கூட்ஸ் வண்டி போயிற்று. கேட் திறந்தது. ஆளைக் காணவில்லை. பின்னால் பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. நான் செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினேன். கேட் கீப்பரின் அறையில், ஒருவர் தமிழில் சொல்ல மற்றவர் இங்கிலீஷில் பதில் சொல்ல, இரண்டு பேரும் ஏதோ ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை வேனுக்குக் கூட்டிவந்தேன். ஏறி உட்கார்ந்து, பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"இன்று நான் பார்த்ததில் சரியான நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அந்தக் கேட் மூடியதுதான், மேடம்."

பந்தியில் இருக்கிறார்கள்

ஒரு ஆஸ்திரேலியக் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பெண்கள். வரும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாமா என்று கேட்டார்கள். மணி ஒன்றரை. பத்து நிமிடம், இரண்டு போட்டோ, அவ்வளவுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டிப்போனேன். பெண்ணின் அப்பா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். வாங்க வாங்க என்று அவர் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது பத்து நிமிடத்தில் முடியாது என்று.

நான்கு பேரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், அரை மணியில் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் வரிசையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுந்திருக்கக் கூடாதே. அந்த வரிசையின் கடைசியில் பெண்ணின் பெரியப்பா. அவருக்குப் பல் கிடையாது, அவசரமும் கிடையாது. ரசம் இரண்டாவது முறை கேட்டார். மோருக்கு முன்னால் கொஞ்சம் பாயசம் என்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்று அவர் கை வாய்க்குப் போவதை எண்ணிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் பெண்ணின் அப்பாவிடம் போய், கப்பலுக்கு நேரமாகிறது என்று கெஞ்சினேன். அவர் என்னைத் தேற்றும் குரலில் சொன்னார்:

"கப்பலுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்கம்மா, பந்தியில இருக்காங்கன்னு."

என் இனம்

இத்தனை பேரில் என் இனத்தவர் ஒரே ஒருவர்தான் வந்தார். சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியோடு வந்தார். திருவாரூர் தாண்டுவதற்குள் நாலு முறை மணி கேட்டார். நான் சொன்ன நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தான் மட்டும் ஒரு பஸ்ஸைப் பிடித்துத் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டார். மனைவி சந்தோஷமாகத் தஞ்சாவூர் போய் அரண்மனை, கோயில், தலையாட்டி பொம்மை எல்லாம் முடித்து நாலரைக்கு வந்தார். கணவர் பன்னிரண்டு மணியிலிருந்து துறைமுக வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நேரம் என்ன சார் செய்தீர்கள் என்று கேட்டேன். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை.

"கப்பல் இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா. தஞ்சாவூர் எப்படி இருந்துச்சுன்னு இவகிட்ட கேட்டுக்கறேன்."

சேற்றில் ஒரு சமையல்காரர்

போன அக்டோபரில் ஒரு கப்பலுக்கு யாருமே பதிவு செய்யவில்லை. முந்தின நாள் ஒரு செய்தி வந்தது. பெயர் நெஸ்டர், பிலிப்பைன்ஸ்காரர், பயணி இல்லை, கப்பலின் சமையற்கட்டில் சோறு வடிக்கிறவர். போன முறை என்னோடு வந்த ஒரு பயணி என்னைப் பற்றிச் சொன்னாராம். பத்து மணிக்கு அவருக்கு வேலை முடியும், நாலு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், கோயில் வேண்டாம், வயல் பார்க்க வேண்டும். நாலு மணி என்பதைப் படித்ததும் நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தப் பயணி என் பொய் நேரத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார், பாவம் இவர் அதை நம்பிவிட்டார். உண்மையில் ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. என் தொழில் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கடிகாரத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன்.

நன்னிலம் பக்கம் கூட்டிப்போனோம். ஒரு மணி நேரப் பயணம். ஒரு பக்கம் குறுவை அறுப்பு முடிந்துகொண்டிருந்தது, இன்னொரு பக்கம் சம்பா நடவு. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும் நெஸ்டருக்கு. வரப்பில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார், யாரையும் கேட்காமல் சேற்றில் இறங்கினார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவரான மல்லிகா ஒரு நாற்று முடியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார், எங்கே பார்க்கலாம் என்பது போல. அவர் குனிந்தார். நிமிரவில்லை. பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டுக்கொண்டே போனார். கயிறு பிடித்தது மாதிரி இருந்தது வரிசை. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரோடு சேர்ந்து நடத் தொடங்கினார்கள். அவர்கள் ஊரிலும் இப்படித்தானாம், நெல்லுக்கு அங்கே பலாய் என்று பெயராம். நட்டுக்கொண்டே சொன்னதை நான் வரப்பிலிருந்து மொழிபெயர்த்தேன்.

மதியம் அவர்களோடு வரப்பில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்புச் சோறு சாப்பிட்டார். நாலுக்குள் போய்விடலாமா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். தாராளமாக என்றேன் இரண்டு முறையும். இன்னும் கொஞ்ச நேரம் நடட்டும் என்று விட்டேன். இரண்டே முக்காலுக்கு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு அவர் கிளம்பும்போது மல்லிகா என்னிடம் சொன்னார்:

"கப்பல்ல வேலை சரிப்படலன்னா இங்க வரச்சொல்லுங்கம்மா. எங்க செட்டுல ஒரு ஆளு குறையுது."

சோறு வடிக்கிறவருக்கு நாலு மணி

வண்டி கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து என் ரகசியத்தை உடைத்தேன். நாலு என்பது நான் பயணிகளுக்குச் சொல்கிற பொய், கப்பலுக்கு ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது, பதற வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். கப்பல் ஊழியர்களுக்கு, மாலை நாலு மணி. பயணிகளுக்குத்தான் ஐந்து. அந்தப் பயணிகளுக்கு இரவுச் சாப்பாடு ஆக்குகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும்.

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அது தெரியாது. ஊழியர்களை நான் ஏற்றியதே இல்லை, கேட்கவும் தோன்றவில்லை. பன்னீரிடம் சொன்னேன், அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான். எங்கும் நிற்காமல் போனால் மூன்றே முக்காலுக்குப் போய்விடலாம். கொஞ்சம் தாமதமானால் என்ன ஆகும் என்று நெஸ்டரிடம் கேட்டேன். ஏற்கனவே இரண்டு துறைமுகங்களில் தாமதமாகி இரண்டு எச்சரிக்கை வாங்கியிருக்கிறார். மூன்றாவது வாங்கினால் வேலை போய்விடும். ஊரில் மனைவி, மூன்று பிள்ளைகள், நர்ஸிங் படிக்கும் தங்கை, எல்லோருக்கும் இவர் சம்பளம்தான். அதை அவர் என்னைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பயணி தாமதமாக வந்தால் மேல் தளத்தில் நின்று கை தட்டுவார்கள், மேடம். நாங்கள் வந்தால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள்."

ரோட்டில் நெல்

அடுத்த வளைவில் பன்னீர் பிரேக் போட்டான். ரோடு முழுக்க நெல். அறுத்த நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைப்பது அந்தப் பருவத்தில் எங்கள் பக்கம் சகஜம். ஈரமாகக் கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். வழக்கமாகப் பாதி ரோட்டில் காயப்போட்டு, கல்லும் மரக்கிளையும் வைத்து, மறு பாதியை வண்டிகளுக்கு விட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கிழக்கே வானம் கறுத்துவிட்டது. ஒரு விவசாயியும் அவர் மனைவியும் மகளும் பலகையால் நெல்லைத் தள்ளித் தள்ளி நடு ரோட்டுக்குக் கொண்டுவந்து குவித்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் ஓரத்தில் சுருட்டிக் கிடந்தது. இரண்டு பக்கமும் வாய்க்கால், திரும்பிச் சுற்றிப் போக வேண்டுமானால் பன்னிரண்டு கிலோமீட்டர்.

ஓரமாக ஏற்றிப் போய்விடு பன்னீர் என்றேன். அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நெல்லு மேல எப்படிக்கா ஏத்தறது" என்றான். ஒரு மனிதனின் வேலை போகப்போகிறது என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை, ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி விவசாயியிடம் கெஞ்சினேன். கலியமூர்த்தி என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. பத்து நிமிஷம் பொறுத்துக்கங்கம்மா, மழை வந்துடும், அள்ளிட்டு வழி விட்டுடறேன் என்று சொன்னாரே தவிர அவர் கை நிற்கவில்லை. நான் எதற்காகக் கத்துகிறேன் என்று நெஸ்டர் கேட்டார். சொன்னேன். அவர் நெல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கதவைத் திறந்து இறங்கினார். கலியமூர்த்தியின் மகள் கையிலிருந்த பலகையை வாங்கிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார். அந்தப் பெண் தார்ப்பாயை விரிக்கப் போனாள். பன்னீரும் இறங்கிவிட்டான்.

நான் இறங்கவில்லை. அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அதுதான் நடந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பத்து, மூன்று இருபது. மூன்று இருபத்தைந்துக்குக் குவியலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலம் கிடைத்தது. இன்னும் கால்வாசி நெல் ரோட்டில் கிடந்தது. நெஸ்டர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்து ஏறினார். கையிலும் கழுத்திலும் தூசி. எதற்காக இறங்கினீர்கள், வண்டியை ஓட்டச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்கள் அப்பா ரோட்டில் காயப்போட்ட நெல் மேல் ஒரு தடவை ஒரு லாரி ஏறிப் போயிற்று, மேடம்."

இரண்டு கேள்விகள்

துறைமுக வாசலுக்கு நாலு பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியிலேயே பெரிய தூறல் போட ஆரம்பித்திருந்தது. நெஸ்டர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார். வாசல் காவலர் அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார். கப்பலின் படிகளில் அவர் ஏறுவது தெரிந்தது. மேலே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எதையோ எழுதுவதும் தெரிந்தது. ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும் வரை நானும் பன்னீரும் மழையில் நின்றோம். யாரையும் இறக்கிவிடவில்லை. பன்னிரண்டு நிமிடம்தானே, மன்னித்திருப்பார்கள் என்று பன்னீர் சொன்னான். நானும் அப்படியே நம்பினேன். வீட்டுக்குப் போய் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. மூன்றாவது எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள், அடுத்த துறைமுகத்தில் இறக்கி விமானம் ஏற்றிவிட்டார்கள், இப்போது ஊரில் இருக்கிறார், அவர்கள் வீட்டிலும் அறுப்பு நடக்கிறது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை இல்லை. வயலில் சாப்பிட்ட குழம்புக்கு என்ன மீன் என்று மல்லிகாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருந்தார். கடைசி வரி ஒரு கேள்வி. "அன்றைக்கு மீதி நெல் நனையாமல் உள்ளே போனதா?" அந்த ஒன்பது நாளில் ஒரு நிமிடம்கூட நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. நான் நினைத்ததெல்லாம் மணி. வெட்கமாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் காலை பன்னீரைக் கூட்டிக்கொண்டு அந்த ரோட்டுக்குப் போனேன். கலியமூர்த்தி மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து ரோட்டுக்கு வந்தார். நெல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் பதில் சொன்ன கையோடு என்னைத் திருப்பிக் கேட்டது இது. அப்போது பன்னீர் என் முகத்தைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டான்.

"ஒரு மணி நனையலம்மா. தார்ப்பாய இழுத்துக் கட்டறதுக்கும் மழை கொட்டறதுக்கும் சரியா இருந்துச்சு. அந்தத் தம்பி மட்டும் இல்லன்னா பாதி போயிருக்கும். அவரு நேரத்துக்குக் கப்பலுக்குப் போயிட்டாருல்ல?"

என் விசிட்டிங் கார்டில் 'இதுவரை ஒரு பயணியும் கப்பலைத் தவறவிட்டதில்லை' என்று அச்சடித்திருக்கிறேன், அது இன்றைக்கும் உண்மைதான், ஏனென்றால் நெஸ்டர் பயணி இல்லை.